ஃபேன் போடாத வெயில்காலம்

வாடகைக்கு இருக்கிற பையன்கள் காலி செய்துகொண்டு போகும்போது எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். காது அறுந்த பக்கெட், ஒற்றைச் செருப்பு, கண்ணாடி போன ஹெல்மெட், தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த ஸ்வீட் டப்பா நிறைய ஃபியூஸ் போன பல்பு. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு ரூம் கட்டி விட்டிருக்கிறோம். கான்ட்ராக்ட் முடிந்தால் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நான் போய்த் திறந்து, திட்டிக்கொண்டே வாரிக் கொட்டுவேன். அப்படித்தான் போன ஐப்பசி மழையில் கடைசி ரூமைத் திறந்தேன். அந்த முறை அவர்கள் விட்டுப்போனது ஒரு கிளி.

பாத்ரூமில் வைத்திருந்தார்கள். எலிப்பொறியைவிடக் கொஞ்சம் பெரிய கூண்டு. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. கதவைத் திறந்ததும் அது கத்தவில்லை. கூண்டின் மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! போனைப் போட்டால் சுவிட்ச் ஆஃப். அங்கேயே நின்று அந்தப் பையன்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று கிளிக்குத் தெரியுமா? அது இன்னும் சுருங்கிப்போனது.

பக்கத்து ரூமில் இருக்கும் திருநெல்வேலிப் பையன் வந்து எட்டிப்பார்த்தான். "ரோட்டோரத்துல ஒருத்தன் பேசும்னு சொல்லி வித்தான்க்கா. இவனுவளும் மாமா சொல்லு, மச்சான் சொல்லுன்னு கெடையா கெடந்து பாத்தானுவ. ஒரு வார்த்த பேசல. அதான் விட்டுட்டுப் போய்ட்டானுவ போல."

"பேசலன்னா வுட்டுட்டு பூடுவீங்களா? நீங்கல்லாம் பொண்டாட்டி கட்டி இன்னாடா பண்ணப் போறீங்க?" என்று அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தேன்.

என் குரல் அப்படி. ஒரகடம் பக்கம் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் உப்பை எடு என்று சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடிவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூரிலும் பென்னலூரிலும் ஆட்களை ஏற்றி கம்பெனியில் இறக்கிவிட்டு வருவார். பகலில் ஹாலில் தூங்கிவிட்டு, சாயங்கால டிரிப்புக்கு மறுபடி கிளம்புவார். இருந்த இடத்தையெல்லாம் வாடகைக்கு விட்டதில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு ஹாலும் கிச்சனும்தான். பிள்ளை ஓசூரில் வேலையில் இருக்கிறான். இரண்டு பேருக்கு இது போதும் என்று இருந்தோம்.

கூண்டை ஹாலுக்குக் கொண்டுவந்து திறந்துவிட்டோம். கிளி வெளியே குதித்தது, எழும்பப் பார்த்தது, ஒரு பக்கமாகச் சுழன்று தரையில் மோதி விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். வலது ரெக்கையில் நீள இறகுகளையெல்லாம் பாதியில் கத்தரித்திருந்தார்கள். இடது பக்கம் முழுசாக இருந்தது. இவர் துண்டைப் போட்டு எடுக்கப் போனார். அது அவர் விரலைப் பதம் பார்த்துவிட்டது.

"ஒரு சைடு டயர் இல்லாத வண்டி மாரி கீதுமே," என்றார், ரத்தத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டே. கோபமே இல்லை. அவருக்குக் கோபம் வராது. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் படுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் ரெக்கையை விரித்து வைத்துப் பார்த்தார். "இறகை வெட்டுனா வலிக்காதும்மா, நகம் வெட்டுற மாதிரிதான். ஆனா வெட்டுன தண்டு வளராது. அது தானா உதிரணும், அப்புறம்தான் புதுசு முளைக்கும். முளைக்கும்போது உள்ளே ரத்தம் ஓடும், எங்கயாவது மோதி முறிஞ்சா ஆபத்து. பொறுமையா பாத்துக்கணும்," என்றார். பிறகு, "பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கக் கூடாது, சட்டப்படி தப்பு, தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே வனத்துறைக்குப் போன் போட்டுப் பேசினார். இறகு வளரும்வரை எங்களிடமே இருக்கட்டும், அவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார், கூண்டில் அடைக்கக் கூடாது, நன்றாகப் பறக்க வந்ததும் விட்டுவிட வேண்டும் என்று முடிவானது. தலையாட்டினோம். ஆக, வந்த அன்றைக்கே அது போக வேண்டிய விருந்தாளி என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

கிளிக்கு ஆளைக் கண்டு பயம் இல்லை, கையைக் கண்டுதான் பயம். நான் பக்கத்தில் போனால் நிற்கும். கை நீண்டால் போச்சு, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். ஒரு கை பிடித்திருக்கும், இன்னொரு கை வெட்டியிருக்கும். அதற்கு உலகத்தில் எல்லாக் கையும் அந்தக் கைதான். நான் பூண்டு உரித்தாலும் ஓடியது, புடவை மடித்தாலும் ஓடியது. முதலில் எனக்குத் தெரிந்த வழியில்தான் பார்த்தேன். "ஏய், வா இங்க, உனக்குத்தான் கொய்யா," என்று பழத்தை நீட்டினேன். சிலிண்டர் பின்னால் போனது சாயங்காலம் வரை வரவில்லை.

"அது இன்னா உன் லைன்ல கீற பொண்ணா, நீ கூப்ட்டதும் ஓடியாறதுக்கு?" என்றார் இவர்.

லைனில் புதிதாக வருகிற பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், இரண்டு கையும் எப்போதும் டேபிளுக்கு மேலே தெரிய வேண்டும் என்பது. கண்ணுக்குத் தெரியாத கைதான் மெஷினில் மாட்டும். வீட்டில் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூக்கு அரித்தாலும் எடுப்பதில்லை. பக்கத்தில் டீ ஆறிப் பாலாடை கட்டும்.

"இன்னாமே, வாத்தியாரு பனிஷ்மென்ட் குடுத்துட்டாரா?"

"நீ சும்மா இருயா. அது பாத்துகினு கீது."

அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாளில் சிலிண்டரை விட்டு வெளியே வந்தது. பிறகு பாயின் ஓரத்துக்கு வந்தது. ஒருநாள் தத்தித் தத்தி என் காலருகே வந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என் மெட்டியைப் பார்த்தது. அலகால் பிடித்து இழுத்தது. நான் மூச்சு விடவில்லை. இன்னும் இழுத்தது, மெட்டியோடு தோலும் சேர்ந்து வந்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலி என்றுதான் இவரிடம் சொன்னேன். வலி இல்லை. பிள்ளை பிறந்து முதன்முதலில் என் விரலைப் பிடித்தபோது எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது.

அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு வந்துவிடும். மெட்டியை இழுக்கும், திருகும், நாக்கால் தொட்டுப் பார்க்கும். நான் பெரிதாகச் சாதித்துவிட்டதாக லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திங்கள்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட் மாறியது.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் இருக்கிற வியாதி இது. வாரம் ஒரு ஷிஃப்ட். தூக்கம், பசி, புருஷன் பெண்டாட்டி பேச்சு எல்லாம் திங்களுக்குத் திங்கள் இடம் மாறும். மனுஷர்கள் பழகிவிட்டோம். கிளிக்கு யார் போய்ச் சொல்வது? டீ பிரேக்கில் போனை எடுத்தால் இவர்.

"அதே எடத்துக்கு வந்து குந்திகினு கீதுமே. உன்ன காணோம்னு தரைய கொத்துது. இன்னா பண்ணட்டும்?"

"நீ போய் குந்து."

"குந்துனேன். என் கால பாத்துட்டு திரும்பி நடந்து பூடுச்சு."

இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பீரோவைக் குடைந்து என் பழைய மெட்டியை எடுத்திருக்கிறார். கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது இவரே எனக்குப் போட்டுவிட்டது. தேய்ந்துபோனதால் கழற்றி வைத்திருந்தேன். வாய் பிளந்த மெட்டிதானே, அதை அகட்டித் தன் கால் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு, அவ்வளவு பெரிய ஆள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். கிளி குனிந்து மும்முரமாக வேலையில் இருக்கிறது. மோட்டார் போடச் சொல்ல வந்த திருநெல்வேலிப் பையன் வாசலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இன்னாடா பாக்குற? எங்க வூட்ல இப்டித்தான்," என்றார் இவர்.

நான் கிச்சனுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறு இல்லை.

மாசியில் வெட்டுப்பட்ட தண்டுகள் உதிர ஆரம்பித்தன. பெருக்கும்போது துடைப்பத்தோடு வரும், நுனி மொட்டையான தண்டு. அந்த இடத்தில் வெள்ளை உறைக்குள் பேனா ரீஃபில் மாதிரி புது இறகு நீட்டிக்கொண்டு வந்தது. கிளி ஜன்னல் கொசுவலையில் ஏறி, திரைச்சீலைக் கம்பிக்குப் போய், அங்கிருந்து தொப்பென்று குதித்துப் பழகியது. அதே சமயம் பார்த்து வெயிலும் வந்து சேர்ந்தது. ஹாலுக்கு நடுவில் தலைக்கு மேலே ஃபேன்.

பாதி ரெக்கையில் கிளம்புகிற பறவைக்குத் தான் எங்கே போய் இறங்குவோம் என்று தெரியாது. ஓடுகிற ஃபேனில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டேபிள் ஃபேன் ஒன்று வாங்கி வந்தோம். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புகிற அந்தப் பிராணியைப் பார்த்ததும் கிளி அலறிக்கொண்டு பாத்திரங்களுக்கு நடுவில் போய் விழுந்தது. டேபிள் ஃபேன் பின்பக்க ரூமுக்குப் போனது.

இவருடைய டிரைவர் கூட்டாளி ஒருவர் வந்தார். புறா வளர்க்கிறவர். பார்த்துவிட்டு யோசனை சொன்னார். "ரெண்டு பக்கமும் சமமா கொஞ்சம் வெட்டி வுட்டுடு. வூட்டோட அயகா நடந்துகினு கெடக்கும். நீயும் ஃபேன் போட்டுக்கலாம், அதுவும் எங்கியும் போவாது."

இவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். பகலில் தூங்க வேண்டிய மனுஷன். தூங்காமல் அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது. அதுவும் நியாயம்தான். எனக்கு நியாயம் காதில் ஏறவில்லை.

"உன் காலயும் முட்டியோட எடுத்துட்டா நீயும் எங்கியும் போவாம வூட்டோட அயகா குந்திகினு இருப்ப. எடுக்கட்டுமாண்ணா?" என்று அந்தக் கூட்டாளியைக் கேட்டேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டு கொண்டுவந்தேன். மெஷின் ரிப்பேர் என்றால் மெயின்டனன்ஸ்காரர் சுவிட்சை அணைத்து, அதில் இந்தச் சீட்டைக் கட்டி, தன் பெயரை எழுதிவிட்டுத்தான் உள்ளே கை வைப்பார். கட்டியவர் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. லைன் நின்றால் நிற்கட்டும், மேனேஜரே வந்து குதித்தாலும் குதிக்கட்டும். ஏனென்றால் உள்ளே ஒருவருடைய கை இருக்கும். மெயின்டனன்ஸ் அண்ணனிடம் பழைய அழுக்குச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஃபேன் சுவிட்சை அணைத்து மேலே டேப் ஒட்டி, ரெகுலேட்டரில் சீட்டைச் சணலால் இறுக்கிக் கட்டி என் பெயரை எழுதினேன்.

இது என்ன, ஏது என்று இவருக்கு விளக்கிச் சொன்னேன். கிட்டே போய்ப் படித்துப் பார்த்தார். "சரி. லைன் லீடர் ஆர்டர்," என்றார். அன்றிலிருந்து ஃபேன் என்ற வார்த்தையை அவர் வாயில் எடுக்கவில்லை.

அந்த வெயிலை எப்படித் தாண்டினோம் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இவர் நனைத்த துண்டை மார்பில் போட்டுக்கொண்டு வெறும் தரையில் படுப்பார். துண்டு காய்ந்ததும் எழுந்து போய் நனைத்துக்கொண்டு வருவார். கிளி அவர் வயிற்றின் மேல் ஏறி ஈரத் துண்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருக்கும். பிள்ளை வீடியோ காலில் வந்தான். "இன்னாப்பா இப்டி வேர்த்து ஊத்துது? ஃபேன் ரிப்பேரா?" என்று கேட்டான்.

"ஃபேன் நல்லாத்தான்டா கீது. ஆளு உள்ள கீது," என்றார் இவர். அவனுக்குப் புரியவில்லை.

கத்திரி வெயிலில் என் அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாக, "இன்னாம்மா இது, அடுப்புக்குள்ள குடியிருக்கிறீங்க?" என்று சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனாள். தூங்கிக்கொண்டிருந்த மனுஷன் எப்படித்தான் எழுந்தாரோ. "கை வெக்காத!" என்று ஒரு சத்தம். கோபமே வராது என்று சொன்னேனே, அந்த ஆள்தான். அண்ணி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். கிளிக்காக மனுஷங்களை வேக வைக்கிறாங்க என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே வாரம் கிளி பறந்தது. திரைச்சீலைக் கம்பியிலிருந்து கிளம்பியது, விழவில்லை. ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, வேறு இடமே கிடைக்காத மாதிரி ஃபேன் ரெக்கையில் போய் உட்கார்ந்தது. ஃபேன் மெதுவாகக் கால் வட்டம் திரும்பியது. கிளி பயந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு அது பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் ஆடியது.

"மகாராணிக்கு ஊஞ்சலு," என்றார் இவர், கீழே படுத்தபடி.

அப்புறம் அதுதான் அதன் இடம். வேர்க்கடலையைத் தூக்கிக்கொண்டு மேலே போய், உடைத்துத் தின்றுவிட்டு, தோலை இவர் முகத்தில் போடும். அந்த நாட்களில்தான் இவர் மெட்டியைத் தொலைத்ததும். தூக்கத்தில் கழன்றிருக்கும் என்றார். பீரோவுக்கு அடியில் துடைப்பக்குச்சி விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. "போட்டு வுட்டவனும் நீ, தொலச்சவனும் நீ," என்று ரொம்ப நாள் சொல்லிக் காட்டினேன். நிஜமாகவே வருத்தம்தான்.

இதற்குள் என் கைக்கும் விடுதலை கிடைத்திருந்தது. காலருகே உள்ளங்கையை விரித்து வைத்து, அதில் கடலை வைத்து, அப்படியே மெதுவாகப் பழகிவிட்டது. புது இறகு முளைக்கும்போது அரிக்கும் போலிருக்கிறது. என் மணிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுக்கும். நகத்தால் உறையை நெருடினால் வெள்ளைத் தூளாக உதிரும். கண்ணைச் சொருகிக்கொண்டு அலகைக் கர் கர் என்று அரைக்கும். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தக் கர் கர் போதும்.

டாக்டரம்மா இன்னொரு முறை ரெக்கையை விரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. "முழுசா வந்துடுச்சும்மா. கதவு ஜன்னலைத் திறந்து வைங்க. அதுவா போகட்டும்."

திறந்து வைத்தோம். முதலில் முருங்கை மரம்வரை போய்த் திரும்பியது. பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டிவரை. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் வழியாக அம்பு மாதிரி உள்ளே வந்து விழுந்தது. பின்னாலேயே இரண்டு காக்கா. வாலில் ஒரு இறகைக் காணோம். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. வெளியே மேலே பார்த்தால் பருந்து வட்டம் போடுகிறது. ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று வீடே அதிரப் போகிறது.

இதற்குள்ளேயா இதை விடுவது? இவர் சாயங்கால டிரிப்புக்கு முன் வண்டிக்கு டீசல் போடப் போயிருந்தார். நான் கிச்சனுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். நீளமாக இருப்பதில் பக்கத்துக்கு இரண்டு எடுத்தால் போதும், உயரே போகாது, வீட்டோடு இருக்கும். கூட்டாளி சொன்ன அதே வார்த்தை. அவரைக் காலை எடுக்கட்டுமா என்று கேட்ட வாய்தான் இது. காக்கா, பருந்து, லாரி எல்லாம் நான் பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். எனக்கு அதை விட மனசில்லை, அவ்வளவுதான்.

சுவரோரம் உட்கார்ந்தேன். கூப்பிடக்கூட இல்லை. அதுவே நடந்து வந்து, காலில் ஏறி, முழங்காலில் ஏறி, என் இடது மணிக்கட்டில் உட்கார்ந்தது. இன்னும் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, எப்போதும் போலச் சொறியச் சொல்லித் தலையைக் குனிந்தது. நான் சொறியவில்லை. வலது கையில் கத்தரிக்கோல் இருக்கிறதே. கையைக் காணோம் என்று பார்த்துவிட்டு அது ஒரு காரியம் செய்தது. அதற்கு முன் ஒருநாளும் செய்யாதது. வலது ரெக்கையை, அந்த வெட்டுப்பட்ட ரெக்கையை, மெல்ல விரித்து, அக்குளைச் சொறிந்துவிடச் சொல்லி என் பக்கம் நீட்டியது.

வெட்டுவதென்றால் இப்போது பிடிக்க ஆள் வேண்டாம், துண்டு வேண்டாம். அதுவே விரித்துக் காட்டுகிறது. ஐப்பசியிலிருந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததெல்லாம் இதற்குத்தானா? கத்தரிக்கோலைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் அந்த ரெக்கைக்கு அடியில் சொறிந்துவிட்டேன். கர் கர் என்று அரைக்க ஆரம்பித்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அது அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இவர் வந்தபோது பாய்க்கு வெளியே கத்தரிக்கோலின் பிடி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"அது இன்னாத்துக்குமே?"

"பால் பாக்கெட் வெட்ட எடுத்தேன்."

வீட்டில் பால் இல்லை என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். "சரி, நான் போயி பால் வாங்கியாறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, ஏரிப் பக்கமிருந்து கிளிக்கூட்டம் ஒன்று எங்கள் மாடிக்கு மேலே கத்திக்கொண்டு போனது. தினமும் போவதுதான். அன்றைக்கு இது தண்ணீர்த் தொட்டியிலிருந்து எழும்பி, கூடவே போனது. பறந்ததில் ஒரு கோணலும் இல்லை. சாயங்காலம் வரும் என்று கடலை எடுத்து வைத்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜன்னலை மூடவே இல்லை நாங்கள், கொசு பிடுங்கி எடுத்தது.

எனக்கு வாராந்திர லீவு வந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். கரையில் தலை போன பனைமரங்கள் சில நிற்கின்றன. அதன் பொந்துகளில்தான் கிளிகள் இருக்கும். நான் கரையில் உட்கார்ந்து மெட்டி தெரிகிற மாதிரி காலை நீட்டிக்கொண்டேன். என்ன செய்ய, அந்தப் பைத்தியக்காரத்தனமும் செய்தேன். இவரும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். பைக்கில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கிளிகள் வந்தன, போயின, பொந்துக்குள் நுழைந்தன, சண்டை போட்டன. எல்லாம் ஒரே பச்சை, எல்லாம் ஒரே கத்தல்.

"நம்மளுது எதுன்னே தெரியலயே," என்றேன்.

"தெரியாம போனா நல்லதுதானமே," என்றார் இவர். "தெரிஞ்சிருந்தா, வெட்டுப்பட்ட கிளின்னு இல்ல அர்த்தம்?"

அதற்கப்புறமும் இவர் பகலில் ஈரத் துண்டைத்தான் போட்டுக்கொண்டு படுத்தார். நான் முதலில் கவனிக்கவில்லை. ஆடி பிறந்து, காற்று வரும் வரும் என்று பார்த்தால் வராமல், புழுக்கமாகக் கிடந்த ஒரு மத்தியானம். வேர்வையில் தரையெல்லாம் ஆள் அச்சு விழுந்திருக்கிறது. எழுந்து துண்டை நனைக்கப் போகிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"யோவ், அது போயி எத்தினி நாளாச்சு? ஃபேன் போட்டுக்க மாட்டியா?"

"சீட்டு நீ கட்னது," என்றார். "நீதான கயட்டணும்."

அவ்வளவு நாளும் அதற்காகத்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறார். நான் எழுந்துபோய் டேப்பைக் கிழித்தேன். சணல் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். சீட்டில் என் பெயர் பாதி அழிந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் உடனே ஓடவில்லை. உம்மென்று முனகி, ஒரு முறை அசைந்து, பிறகு வேகம் பிடித்தது.

மேலேயிருந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. கடலைத் தோல், மிளகாய் விதை, காய்ந்த எச்சம், தூசி, பச்சையாகப் பஞ்சு மாதிரி குட்டி இறகுகள். கடைசியாக ஒன்று 'டிங்' என்று சுவரில் பட்டுத் தரையில் உருண்டு போய் இவர் காலருகே நின்றது.

மெட்டி.

தொலைக்கவில்லை அவர். அது தூக்கிக்கொண்டு போய், தன் ஊஞ்சலில், ஃபேன் ரெக்கையின் அடிப்பக்கத்து இடுக்கில் பத்திரமாக வைத்திருக்கிறது. இவர் குனிந்து எடுத்து வேட்டியில் துடைத்தார். அலகு பட்ட இடமெல்லாம் குட்டிக் குட்டிக் கீறலாக இருந்தது. தலையில் ஒரு கடலைத் தோலோடு, அகண்டு கிடந்த அதன் வாயை விரலால் அமுக்கிக் குறுக்கினார்.

"குந்துமே," என்றார். "கால நீட்டு."

சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினேன். இரண்டு கையும் தானாகவே தொடைக்கு அடியில் போய்விட்டன.